மாதிரி இரயில் தந்த பிராங்க் ஹார்ன்பி

வடசென்னையில் கடலை அடுத்து அமைந்துள்ள இராயபுரம் இரயில் நிலையம் பழம்பெருமை வாய்ந்தது. 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று, தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் அங்கிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரை சென்றது. குதிரையும் இன்றி, மாடும் இன்றி, நீரும் நெருப்பும் கூடி இழுக்கும் வண்டியைக் காண மக்கள் திரள் திரளாகக் கூடினர். காலப்போக்கில் திருவொற்றியூர், எண்ணூர் முதலிய ஊர்களின் வாழ்வு துறைமுகத்தோடும் இரயிலோடும் பின்னிப் பிணைந்து வளர்ந்தது.

பெரிய எஞ்சினைக் கண்டு வியக்கும் சிறுவன் உள்ளத்தில் ஓர் ஆசை பிறப்பது இயல்பு. அதனைத் தன் கையில் எடுக்கவேண்டும், அதன் உறுப்புகளைக் கழற்றிப் பார்க்கவேண்டும், மீண்டும் தானே பூட்டி ஓட்டவேண்டும் என்பதே அவ்வாசை. பல நாட்டுச் சிறுவர்களுக்கு அவ்வாசையை நிறைவேற்றித் தந்தவர் ஒருவர். அவர் பொறியியற் கல்லூரியில் பயின்றவரல்லர். செல்வர் குடியில் பிறந்தவருமல்லர். கடையில் கணக்கெழுதிப் பிழைத்தவர். அவரே பிராங்க் ஹார்ன்பி.

பிறப்பும் இளமையும்

இராயபுரத்தில் இரயில் ஓடத் தொடங்கி ஏழாண்டுகள் கழிந்தபின், 1863ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், இங்கிலாந்து நாட்டின் லிவர்ப்பூல் நகரில் ஹார்ன்பி பிறந்தார். லிவர்ப்பூலும் வடசென்னையைப் போன்றே கப்பல்களும் கிடங்குகளும் இரயில் பாதைகளும் நிறைந்த துறைமுக நகரம். 1830ஆம் ஆண்டிலேயே அந்நகருக்கும் மான்செஸ்டர் நகருக்கும் இடையே நீராவி எஞ்சின்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆகவே, பாரந்தூக்கிகளின் ஒலியும் எஞ்சின்களின் ஊதலும் அவர் இளஞ்செவிக்குப் பழகிய ஓசைகளாயின.

அவர்தம் தந்தையார் உணவுப்பொருள் வணிகர். ஹார்ன்பிக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு நீங்கித் தந்தையாரின் கடையில் பணியாளர் ஆனார். எனினும், அவர் அறிவு உறங்கிவிடவில்லை. முயற்சியால் உயர்ந்த மாந்தரின் வரலாறுகளைக் கூறும் சாமுவேல் ஸ்மைல்சின் நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. வறுமையிலும் தோல்வியிலும் தளராது புதியன கண்டவர்களின் கதைகள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. தாமும் ஒன்றைக் கண்டுபிடிக்க விழைந்து, ஒருமுறை முடுக்கினால் என்றென்றும் ஓயாது சுழலும் பொறி ஒன்றைச் செய்ய முனைந்தார். இயற்கையின் விதிக்கு மாறான அம்முயற்சி கைகூடவில்லை. ஆயினும், உலோகத்தை வெட்டவும் வளைக்கவும் துளையிடவும் அவர் கைகள் கற்றுக்கொண்டன. அத்தோல்வி அவருக்கு ஆசிரியராயிற்று.

மைந்தருக்குச் செய்த பொம்மை

1887ஆம் ஆண்டில் ஹார்ன்பி திருமணம் செய்துகொண்டார். 1899இல் தந்தையார் மறைந்தார், கடை மூடப்பட்டது. குடும்பத்தைக் காக்கும் பொருட்டு, இறைச்சி இறக்குமதி செய்யும் டேவிட் எலியட் என்னும் வணிகரிடம் கணக்கராகச் சேர்ந்தார். வருவாய் சிறிது, செலவோ பெரிது.

பகலெல்லாம் பேரேட்டில் புள்ளிகளைக் கூட்டிக் கழித்தவர், மாலையில் வீட்டிலிருந்த சிறு பட்டறையில் தம் மைந்தர்க்கு விளையாட்டுப் பொருள்கள் செய்தார். தகட்டைத் துண்டுகளாக வெட்டிப் பாலமும் வண்டியும் பாரந்தூக்கியும் அமைத்தார். ஆனால், ஒரு குறை அவரை வருத்தியது. பாலத்திற்கு வெட்டிய துண்டு பாரந்தூக்கிக்குப் பொருந்தவில்லை. புதிய பொம்மை ஒவ்வொன்றுக்கும் புதிய துண்டுகள் வெட்ட வேண்டியிருந்தது.

இக்குறையை நீக்கும் வழியைச் சிந்தித்தார். எல்லாப் பட்டைகளையும் ஒரே அகலத்தில் வெட்டி, அவற்றில் அரை அங்குலத்திற்கு ஒன்றாகச் சம இடைவெளியில் துளைகள் இட்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. அவ்வாறு செய்தால் எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் பொருந்தும். திருகாணியும் மரையும் கொண்டு முடுக்கினால் பாலமாகும். கழற்றி வேறுவகையாகப் பூட்டினால் வண்டியாகும். எளிய எண்ணந்தான், ஆயினும், அவ்வொரு எண்ணமே அவர் வாழ்வை மாற்றியது. பெரிய தொழிற்சாலைகளில் உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்கவையாக இருத்தல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாத உண்மையைச் சிறுவரின் விளையாட்டிலே அவர் புகுத்திவிட்டார்.

கடனும் துணிவும்

புதிய கருத்துக்குக் காப்புரிமை பெறவேண்டும். அதற்குப் பணம் வேண்டும். கணக்கரிடம் சேமிப்பு இல்லை. தம் முதலாளி எலியட்டிடமே ஐந்து பவுன் கடனாகப் பெற்று, 1901ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் காப்புரிமை பெற்றார். குடும்பம் நடத்துவதே அரிதாக இருந்த நிலையில், விளையாட்டுப் பொருளை நம்பிக் கடன்பட்டது பேதைமை என்று பிறர் எண்ணக்கூடும். தம் கருத்தின் தகுதியை அறிந்திருந்த ஹார்ன்பி பின்வாங்கவில்லை.

தொடக்கத்தில் உற்பத்தியாளர் எவரும் அப்பொருளை மதிக்கவில்லை. மாதிரித் துண்டுகள் கையால் செய்யப்பட்டவை, மெருகற்றவை, அவற்றின் தோற்றத்தைக் கண்டோர் உள்ளிருந்த கருத்தைக் காணவில்லை. எலியட் ஒருவரே அதன் சிறப்பை உணர்ந்தார். தம் அலுவலகத்தை அடுத்திருந்த வெற்றிடத்தை ஹார்ன்பிக்கு அளித்து, அவரோடு பங்காளியும் ஆனார். 1902இல் அப்பொம்மைப் பெட்டி விற்பனைக்கு வந்தது. நான்கு ஆண்டுகள் ஆதாயம் என்பதே இல்லை. 1906இல்தான் சிறிதளவு இலாபம் கிடைத்தது. அடுத்த ஆண்டில் ஹார்ன்பி கணக்கர் வேலையைத் துறந்து, தாமே உறுப்புகள் செய்யத் தொடங்கினார். மெக்கானோ என்னும் பெயரும் அவ்வாண்டிலேயே பதிவாயிற்று. 1908இல் மெக்கானோ நிறுவனம் தோன்றியது. 1914இல் லிவர்ப்பூலின் பின்ஸ் சாலையில் பெருந்தொழிற்சாலை எழுந்தது.

மெக்கானோ வெறும் விளையாட்டாக நின்றுவிடவில்லை. 1934ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்னும் அறிஞரும் அவர்தம் மாணவர் ஆர்தர் போர்ட்டரும், கடினமான கணக்குகளுக்கு விடை காணும் கணிப்பொறி ஒன்றின் மாதிரியை மெக்கானோ உறுப்புகளைக் கொண்டே அமைத்தனர். சிறுவரின் பெட்டியில் இருந்த துளைப்பட்டைகள் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் இடம்பெற்றன.

சிறிய இரயில்

முதல் உலகப் போருக்கு முன்னர், இங்கிலாந்தில் விற்ற பொம்மை இரயில்களில் பெரும்பாலானவை ஜெர்மனியிலிருந்து வந்தவை. போரினால் அவ்வரவு நின்றது. போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டில் ஹார்ன்பி தம் பெயரிலேயே இரயில்களை வெளியிட்டார். அவை சாவி கொடுத்தால் சுருள்வில்லின் விசையால் ஓடுபவை. தண்டவாளத்தின் அகலம் 32 மில்லிமீட்டர். அக்கால இரயில் நிறுவனங்களின் நிறங்கள் அவற்றுக்குப் பூசப்பட்டன.

அவ்விரயில்களில் ஒரு தனிச்சிறப்பு இருந்தது. முதலில் வந்த எஞ்சின்களும் பெட்டிகளும் மெக்கானோவைப் போன்றே திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தன. சிறுவன் அவற்றைக் கழற்றலாம், பழுதான உறுப்பை மாற்றலாம், மீண்டும் பூட்டலாம். பொம்மை உடைந்தால் அழுதுகொண்டு வீசி எறிவதன்று. பழுது பார்த்து மீட்பதே ஆண்மையும் அறிவும் ஆகும் என்னும் பாடத்தை அவ்விரயில் சொல்லாமற் சொல்லிற்று. பின்னர் மின்விசையால் ஓடும் எஞ்சின்களும் வந்தன.

1931இல் ஹார்ன்பி எவர்ட்டன் தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நான்காண்டுகள் அங்குப் பணியாற்றி, உடல்நலம் குன்றியமையால் விலகினார். 1936ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், தம் எழுபத்து மூன்றாம் வயதில் இயற்கை எய்தினார். 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் சிறிய இரயில்களை அவர்தம் நிறுவனம் 1938இல் வெளியிட்டபோது, அதனைக் காண அவர் இல்லை. பின்ஸ் சாலைத் தொழிற்சாலையும் 1979இல் மூடப்பட்டது. எனினும், மாதிரி இரயில்கள் இன்றும் அவர் பெயர் தாங்கி வெளிவருகின்றன.

அழுக்கிலும் ஓர் அழகு

ஹார்ன்பி மூட்டிய ஆர்வம் அவருக்குப் பின்னும் வளர்ந்து ஒரு கலையாயிற்று. தொழிற்சாலையிலிருந்து வரும் மாதிரி எஞ்சின் பளபளவென்று மின்னும். உண்மையான எஞ்சினோ அவ்வாறு இருப்பதில்லை. நிலக்கரியை உண்டு, வெண்ணீராவியைக் கக்கி, மழையிலும் வெயிலிலும் உழைக்கும் எஞ்சினின் உடலில் உழைப்பின் தழும்புகள் இருக்கும். கடற்காற்று வீசும் துறைமுகத்தில் நாள்தோறும் சரக்கு இழுக்கும் எஞ்சினில் உப்பின் துருவும் கரியின் படிவும் கூடுதலாகக் காணப்படும். அத்தோற்றத்தையே சிறிய மாதிரியிலும் கொண்டுவர ஆர்வலர் முயன்றனர்.

அதற்கு அவர்கள் கையாளும் முறைகள் எளியவை. ஆனால், பொறுமையை வேண்டுபவை. கருமையும் பழுப்பும் கலந்த வண்ணத்தை நீர்த்துப்போகும்படி கரைத்து எஞ்சின்மீது தடவுவர். அது உலருமுன் மேலிருந்து கீழாகத் துடைத்தெடுப்பர். அப்போது மழைநீர் வழிந்த தடம்போலக் கோடுகள் தோன்றும். ஆணித்தலைகளைச் சுற்றியும் மூலைகளிலும் அழுக்குத் தங்கும். புகைபோக்கியின் அருகே கரித்தூளைத் தேய்ப்பர். தடைக்கட்டைகளுக்குத் துருவின் நிறம் இடுவர். நீராவி கசியும் இடங்களில் உவர்நீர் உலர்ந்த வெண்கோடுகளை வரைவர். ஓட்டுநர் பற்றி ஏறும் கைப்பிடியை மட்டும் தேய்ந்து மின்னுமாறு விட்டுவிடுவர். கை படும் இடத்தில் அழுக்குப் படிவதில்லை அன்றோ?

இந்திய ஆர்வலருக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. நம் நாட்டு அகலப்பாதையின் அளவு 1676 மில்லிமீட்டர். அதனை 76இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 22 மில்லிமீட்டர் வரும். மேனாட்டு மாதிரிகள் ஓடுவதோ 16.5 மில்லிமீட்டர்ப் பாதையில். ஆதலால், நம் நாட்டு எஞ்சினைச் சிறிதாக்க விரும்புவோர் பிறநாட்டு மாதிரியின் உடலை வெட்டியும் ஒட்டியும், விளக்கும் படியும் புதிதாகச் சேர்த்தும், நம் இரயில்வேயின் நிறம் பூசியும் தாமே உருவாக்க வேண்டியவர் ஆகின்றனர். கடையில் கிடைக்காததைக் கையால் செய்துகொள்ளுதல் என்னும் ஹார்ன்பியின் வழி இங்கே மீண்டும் உயிர்பெறுகிறது.

இக்கலைக்கு மறுபக்கமும் வடசென்னையிலேயே உண்டு. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட ஃபேரி குயின் என்னும் பழைய எஞ்சின், பல்லாண்டுகள் ஓடாது நின்றபின், பெரம்பூர் எஞ்சின் பணிமனையில் சீர் செய்யப்பட்டு, 1997இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. மாதிரி செய்வோர் புதியதற்குப் பழமையின் சாயலை ஊட்டுகின்றனர். பெரம்பூர்த் தொழிலாளரோ பழையதற்குப் புத்துயிர் ஊட்டினர். இருவருக்கும் வேண்டுவது ஒன்றே. எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் எப்பணி செய்கிறது, எங்கே தேய்கிறது, எங்கே துருவேறுகிறது என்று கூர்ந்து நோக்கும் கண்ணே அது.

ஹார்ன்பியின் பெருமை

ஹார்ன்பி புதிய எஞ்சின் எதனையும் உலகிற்கு அளித்தாரல்லர். புதிய ஆற்றல் எதனையும் கண்டாரல்லர். எனினும், காண்பதனைக் கூர்ந்து காணவும், கண்டதனைக் கையால் ஆக்கவும், ஆக்கியது பழுதானால் மீண்டும் ஆக்கவும் சிறுவர்களைப் பழக்கினார். கல்வி குறைந்தது, பணம் இல்லை, முதல் முயற்சி தோற்றது, பிறர் மதிக்கவில்லை என்னும் காரணங்களுள் எதனையும் அவர் தமக்குத் தடையாகக் கொள்ளவில்லை.

இராயபுரத்தின் பழைய நிலையத்தருகே இன்றும் இரயில்கள் ஓடுகின்றன. எண்ணூர்ப் பக்கம் நீண்ட சரக்கு வண்டிகள் செல்கின்றன. இரயில் பாதையின் கடவுக்கதவு மூடியிருக்கும்போது அங்கு நிற்கும் மாணவன், பொழுது போகவில்லையே என்று சலித்துக்கொள்ள வேண்டுவதில்லை. கடந்து செல்லும் எஞ்சினின் சக்கரங்களை எண்ணலாம். அதன் துருவும் கறையும் எங்கெங்கே படிந்துள்ளன என்று நோக்கலாம். வீடு திரும்பியதும் அட்டையிலேனும் களிமண்ணிலேனும் அதனைச் செய்து பார்க்கலாம். கணக்கெழுதிய கை ஒன்று அவ்வாறு செய்து பார்த்தமையால்தான் உலகச் சிறுவர்க்கு ஓர் இரயில் கிடைத்தது.