தலைமயிரால் முட்டையைக் கட்டியவர்

டாலி என்னும் செம்மறியாடு 1996-இல் ஸ்காட்லாந்தில் குளோனிங் முறையில் பிறந்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே அவ்வழியை எண்ணிப் பார்த்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹான்ஸ் ஸ்பீமன்.

1869-இல் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தார். தந்தை புத்தக வெளியீட்டாளர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தந்தையின் தொழில், பிறகு பட்டாளம் என்று இருந்துவிட்டு, 1891-இல்தான் மருத்துவம் படிக்கப் பல்கலைக்கழகம் சென்றார். பிளஸ் டூ முடித்து ஓராண்டு அரிசி மண்டியில் கணக்கெழுதிய பிறகே, எங்கள் குடும்பத்தின் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். இந்த இடத்தை இரண்டு முறை படித்தேன்.

காசநோய் கண்டு சானடோரியத்தில் கிடந்தபோது வைஸ்மனின் நூலைப் படித்தார். செல் பிரியப் பிரிய, உட்கருவிலுள்ள பரம்பரைப் பொருளும் பாகப்பிரிவினையில் நிலம் துண்டாவதுபோலக் குறைந்துகொண்டே போகும் என்பது வைஸ்மனின் கருத்து. இதை ஸ்பீமன் சோதித்தார். கருவி என்ன தெரியுமா? ஒரு குழந்தையின் மெல்லிய தலைமயிர்!

தவளைக்கு உறவான, வாலுள்ள பிராணி நியூட். கருவுற்ற அதன் முட்டையை மயிரால் சுருக்கிட்டு நடுவில் இறுக்கினார். உட்கரு ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. அந்தப் பக்கம் 16 செல்களாகப் பிரிந்தது. மறுபக்கம் சும்மா கிடந்தது. அப்போது ஓர் உட்கரு இடுக்கு வழியே மறுபக்கம் நழுவியது. உடனே சுருக்கை முழுதும் இறுக்கிப் பிரித்தார். இரு பக்கமும் முழு உயிராக வளர்ந்தன. பதினாறில் ஒன்றான உட்கருவிலும் ஒன்றும் குறைந்திருக்கவில்லை. தவளை முட்டையை ஊசியால் புரட்டப் போய் நசுக்கிவிட்ட எனக்கு, அந்தக் கையின் நிதானம் வியப்பாக இருக்கிறது.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. கருவின் வளர்ச்சியை நடத்தும் பகுதியைக் கண்டறிந்ததற்காக 1935-இல் ஸ்பீமன் நோபல் பரிசு பெற்றார். அச்சோதனைகளைக் கைப்படச் செய்த மாணவி ஹில்டே மாங்கோல்ட், 1924-இலேயே தீ விபத்தில் தம் 25-ஆம் வயதில் இறந்துபோனார்.

வளர்ந்த செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கிய முட்டையில் வைத்தால் அது முழு உயிராகுமா என்று 1938-இல் தம் நூலில் ஸ்பீமன் கேட்டார். அதைச் செய்யும் வழி அவருக்குத் தெரியவில்லை. 1941-இல் காலமானார். இளங்கருவின் உட்கருவைத் தவளை முட்டையில் வைத்து, அமெரிக்காவில் பிரிக்ஸும் கிங்கும் தலைப்பிரட்டைகளை வளர்த்துக் காட்டியது 1952-இல்தான்.