அலுமினியம் தந்த சார்லஸ் மார்ட்டின் ஹால்

சந்தையில் ஏழை எளியவர் வாங்கக்கூடிய பாத்திரம் எது என்று கேட்டால், அலுமினியப் பாத்திரம் என்று சிறு பிள்ளையும் சொல்லும். அந்த அலுமினியம் ஒரு காலத்தில் வெள்ளிக்கு நிகராக விலைபோனது என்றால் வியப்பாக இல்லையா? 1884ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைநகரில் வாஷிங்டன் நினைவுத் தூணைக் கட்டி முடித்தபோது, அதன் உச்சியில் பெருமையோடு பொருத்தப்பெற்றது மூன்று கிலோவுக்கும் குறைவான ஓர் அலுமினிய முனை! இந்த நிலையைத் தலைகீழாக்கியவர் ஹால்.

அவர் 1863 டிசம்பர் 6 அன்று ஓஹையோ மாநிலத்தில் தாம்ப்சன் என்னும் சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஓபர்லின் கல்லூரியில் அவருக்கு வாய்த்த வேதியியல் ஆசிரியர் பேராசிரியர் ஜுவெட். ஜெர்மனியில் பயின்று திரும்பியவர். அலுமினியத் துண்டு ஒன்றை மாணவர்களுக்குக் காட்டி, இதை மலிவாகப் பிரிக்க வழி காண்பவனுக்குப் பெரும் செல்வம் காத்திருக்கிறது என்று விளக்குவாராம். வகுப்பில் எத்தனையோ பேர் அதைக் கேட்டிருப்பார்கள். பிடித்துக்கொண்டவர் ஹால் ஒருவரே.

1885இல் பட்டம் பெற்றதும், வீட்டை ஒட்டிய விறகுக் கொட்டகையே அவருக்குச் சோதனைக்கூடமாயிற்று. மின்கலங்களைக் கையாலேயே செய்துகொண்டார். அலுமினா உருக 2000 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். கொட்டகை அடுப்புக்கு அது எட்டாது. எனவே உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்தார். ஏறக்குறைய 1000 பாகையிலேயே காரியம் கைகூடியது. ஆயினும் உலோகம் வரவில்லை. களிமண் மூசையிலிருந்த சிலிக்கா கரைந்து கெடுப்பதை உணர்ந்து, மூசையின் உட்புறத்தில் கரிச்சுவர் அமைத்தார். 1886 பிப்ரவரி 23 அன்று வெள்ளி நிறத்தில் சிறு குண்டுமணிகள் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது 22.

இங்கே அவருடைய தமக்கை ஜூலியாவைச் சொல்லாமல் போவது நன்றியாகாது. அதே கல்லூரியில் வேதியியல் படித்தவர் அவர். தாயார் இறந்தபின் குடும்பப் பொறுப்பைச் சுமந்துகொண்டே தம்பியின் சோதனைகளை உடனிருந்து கவனித்தார். அதே 1886இல், அதே வயதுடைய பிரெஞ்சு இளைஞர் பால் ஹெரூல்ட்டும் இதே முறையைக் கண்டுபிடித்திருந்தார். அமெரிக்கக் காப்புரிமை யாருக்கு என்ற வழக்கு எழுந்தபோது, பிப்ரவரி 23 என்ற நாளை மெய்ப்பிக்க ஜூலியாவின் சாட்சியம் துணைநின்றது. நமது பாடநூல் ஹால்-ஹெரூல்ட் முறை என்கிறது. ஜூலியாவின் பெயர் அதில் இல்லை.

1888இல் ஆல்பிரட் ஹண்ட் முதலியோரின் முதலீட்டில் பிட்ஸ்பர்க் ரிடக்ஷன் கம்பெனி தோன்றியது. அவ்வாண்டு ஒரு பவுண்டு அலுமினியம் 4.86 டாலர்; 1893இல் 0.78 டாலர்! சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கியதும் 1898இல்தான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் அலுமினியக் கட்டியை உருக்கி வார்ப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அதற்கு உலை இருந்தால் போதும். ஆனால் அந்தக் கட்டியை அலுமினாவிலிருந்து பெற, கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் வேண்டும். மின்சாரம் சில மணி நேரம் நின்றால் தொட்டிக் குழம்பே உறைந்துவிடும். ஆகவே 1895இல் ஹாலின் கம்பெனி நீர்மின்சாரத்தைத் தேடி நயாகரா நீர்வீழ்ச்சிக்குச் சென்றது. 1965இல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கியதும் அதே கணக்கில்தான். அருகில் அணை, எட்டும் தூரத்தில் சேர்வராயன் மலையின் பாக்சைட். ஆலையை நம்பிச் சுரங்கமும் லாரிகளும் கடைகளும் பிழைத்தன. ஆனால் மின்வெட்டு அதை வாட்டியது. 2008இல் தொட்டிகள் நின்றுபோயின. ஹாலின் கண்டுபிடிப்பு எந்த ஊருக்கு வாழ்வு தரும் என்பதை மின்கட்டணமே முடிவு செய்கிறது என்பது என் எண்ணம்.

1911இல் ஹாலுக்கு பெர்க்கின் பதக்கம் வழங்கப்பெற்றபோது, அவ்விழாவுக்கு ஹெரூல்ட்டும் வந்திருந்தார். வழக்காடிய இருவரும் பகைவராக இருக்கவில்லை. விந்தை என்னவென்றால், ஒரே ஆண்டில் பிறந்த அவ்விருவரும் 1914ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். ஹால் இறந்தது டிசம்பர் 27 அன்று. மணம் செய்துகொள்ளாத அவர், தம் பெருஞ்செல்வத்தின் பெரும் பகுதியைக் கல்விக்கே எழுதிவைத்தார். மூன்றில் ஒரு பங்கு தாம் பயின்ற ஓபர்லின் கல்லூரிக்குச் சென்றது. அங்கே அவருக்கு ஒரு சிலை உண்டு. அதுவும் அலுமினியத்தால் ஆனதே.