பனிப்பாலையில் உறங்கும் விஞ்ஞானி

பூமியின் பழைய சீதோஷ்ண நிலையைக் குறித்து வைத்திருக்கும் ஏடு எது? துருவப் பகுதிகளில் மூடிக் கிடக்கும் பனிக்கட்டிதான். அந்த ஏட்டைப் புரட்ட வழி கோலியவர்களில் ஒருவர் ஜெர்மன் விஞ்ஞானி ஆல்பிரட் வெகனர். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னவர் என்றே உலகம் அவரை அறியும். ஆனால் அவர் உயிரைக் கொடுத்தது பனி ஆராய்ச்சிக்காக.

1880 நவம்பர் 1 அன்று பெர்லினில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார் வெகனர். 1905-ல் வானவியலில் டாக்டர் பட்டம் பெற்றாலும் அவர் மனம் வானிலை ஆராய்ச்சியையே நாடியது. மறு ஆண்டு அண்ணன் கர்ட்டுடன் பலூனில் ஏறி, 52 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் பறந்து உலக சாதனை செய்தார். அதே ஆண்டு டென்மார்க் குழு ஒன்றுடன் கிரீன்லாந்து சென்றார். அப்பயணத்தில் குழுத் தலைவரும் இரு தோழர்களும் பனியில் மாண்டனர். ஆயினும் பனிப்பாலை மீது வெகனருக்கு இருந்த மோகம் தணியவில்லை.

1912-ல் கோக் என்ற டென்மார்க்காரருடன் மீண்டும் அங்கே போனார். நான்கு பேர், சில குதிரைகள். குளிர்காலம் முழுவதையும் பனி மீதே குடிலில் கழித்தனர். குடிலுக்குள்ளேயே பனியில் சுமார் 25 மீட்டர் ஆழம் துளையிட்டனர். மறு ஆண்டு கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தபோது உணவு தீர்ந்துவிட்டது. தற்செயலாக அவ்வழியே வந்த பாதிரியார் ஒருவரால் உயிர் பிழைத்தனர்.

1912 ஜனவரியில்தான் கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிரிந்தன என்ற கருத்தை அவர் வெளியிட்டார். அதற்குச் சான்று தந்த நாடுகளில் நம் பாரதமும் ஒன்று. ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியில் பழங்காலப் பனியாறுகள் உருட்டி வந்த கற்கள் உள்ளன. வெயில் கொளுத்தும் பூமியில் பனியாறு எப்படி வந்தது? அன்று இந்தியா தென் துருவத்தை ஒட்டி இருந்தது என்பதே வெகனரின் விடை. பெரும்பாலான புவியியல் அறிஞர்கள் அவரை எள்ளி நகையாடினர்.

அவர் சளைக்கவில்லை. 1924-ல் மாமனார் கெப்பனுடன் சேர்ந்து பூர்வகாலச் சீதோஷ்ணம் பற்றி நூல் வெளியிட்டார். நிலக்கரி கிடைத்தால் அங்கே ஈரமும் காடும் இருந்தன. உப்புப் படிவு கிடைத்தால் வறட்சி இருந்தது. இப்படிப் பாறைகளைச் சாட்சிக்கு அழைத்த நூல் அது.

1930-ல் அவர் தலைமையில் பெரிய குழு ஒன்று கிரீன்லாந்து சென்றது. மேற்குக் கரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உள்ளே, பனியின் நட்டநடுவில், ஆண்டு முழுவதும் வானிலையை அளக்க ஒரு நிலையம் அமைத்தனர். ஜியார்ஜி, சோர்கே என்ற இருவர் அங்கே தங்கினர். அவர்களுக்குப் போதிய உணவும் எரிபொருளும் போய்ச் சேரவில்லை. மோட்டார் சறுக்கு வண்டிகளும் கைகொடுக்கவில்லை. தலைவரான வெகனர் தாமே நாய் வண்டிகளுடன் புறப்பட்டார். வழியில் குளிர் தாங்காமல் கிரீன்லாந்துக்காரர்களில் பலர் திரும்பிவிட்டனர். வில்லும்சன் என்ற இளைஞரும் சக விஞ்ஞானி லோவேயும் மட்டும் உடன் நின்றனர். பூஜ்யத்துக்குக் கீழ் 50 டிகிரி குளிரில், 40 நாட்களுக்குப் பின் அக்டோபர் 30 அன்று நிலையத்தை அடைந்தனர். லோவேயின் கால் விரல்கள் உறைந்து போயிருந்தன. ஜியார்ஜி அவற்றைப் பேனாக்கத்தியால் வெட்டி எடுக்க நேர்ந்தது.

இருந்த உணவு ஐவருக்குப் போதாது. நவம்பர் 1, வெகனரின் 50-வது பிறந்த நாள். அன்றே அவரும் வில்லும்சனும் கரை நோக்கித் திரும்பினர். இருவரும் கரை சேரவில்லை. 1931 மே மாதம் பாதி வழியில் வெகனரின் உடல் கிடைத்தது. பனியில் கவனமாக அடக்கம் செய்து, அடையாளமாகச் சறுக்குக் கட்டைகளை நட்டுச் சென்றிருந்தார் வில்லும்சன். அந்த இளைஞரின் உடல் கிடைக்கவே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் சோர்கே, பனிக்குகையிலிருந்து சுமார் 15 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டினார். கோடைப் பனியும் குளிர்காலப் பனியும் அடர்த்தியில் மாறுபட்டு, ஆண்டுக்கு ஓர் அடுக்காக இருப்பதைக் கண்டார். மரத்தின் வளையங்களைப் போல் பனியின் வயதையும் எண்ணலாம் என்பது தெளிவாயிற்று.

1966-ல் அமெரிக்கர்கள் கிரீன்லாந்தில் 1,387 மீட்டர் துளைத்து அடிப்பாறையைத் தொட்டனர். வெளியே எடுத்த பனித்தண்டில் உள்ள பிராணவாயுவின் வகைகளைக் கொண்டு பழைய உஷ்ணநிலையைக் கணித்தார் டென்மார்க் விஞ்ஞானி டான்ஸ்கார்ட். பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள் அக்காலக் காற்றையே தருகின்றன. தென் துருவப் பகுதியில் எடுத்த தண்டு 8 லட்சம் ஆண்டுக் கதையைச் சொல்கிறது. அத்தனை காலத்திலும் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதில்லை. இன்றோ 420-ஐத் தாண்டிவிட்டது.

கண்டங்கள் நகர்வதையும் 1960-களில் உலகம் ஒப்புக்கொண்டது. அதைக் காண வெகனர் இல்லை. மனைவி எல்சேயின் விருப்பப்படி அவர் உடல் பனியிலேயே விடப்பட்டது. ஆண்டுக்கு ஓர் அடுக்காக விழும் பனி அவரை மூடிக்கொண்டே இருக்கிறது.