கண்டதை எழுதிய யுத்த நிருபர்

தன் கட்சியின் தோல்வியை எழுத நெஞ்சுரம் வேண்டும். வென்ற பின் தன் கட்சி செய்த அக்கிரமத்தை எழுத அதனினும் பன்மடங்கு வேண்டும். இவ்விரண்டையும் செய்தவர் வில்லியம் ஹோவர்டு ரஸ்ஸல். அவருடைய சரித்திரத்தில் நம் தேசத்துக்கும் பங்குண்டு.

அயர்லாந்தில் டப்ளின் நகருக்கு அருகில் பிறந்த ரஸ்ஸல் சட்டம் பயின்று பாரிஸ்டரானவர். எனினும் அவரை ஆட்கொண்டது பத்திரிகைத் தொழிலே. லண்டன் 'டைம்ஸ்' பத்திராதிபர் டிலேன் 1854-இல் அவரை கிரிமியா யுத்தத்துக்கு அனுப்பினார். அதுவரை பத்திரிகைகள் பெரும்பாலும் சேனாதிபதிகளின் அறிக்கைகளையும் அதிகாரிகளின் கடிதங்களையுமே எடுத்து அச்சிட்டு வந்தன. ரஸ்ஸலோ சேனையுடன் தங்கி, தாம் கண்டதை எழுதினார். தக்க உடையும் உணவுமின்றிச் சிப்பாய்கள் குளிரிலும் காலராவிலும் மடிந்ததை எழுதினார். அக்டோபர் 25-ந் தேதி பாலக்ளாவாவில், தவறாக உணரப்பட்ட ஓர் உத்தரவினால் குதிரைப்படை பீரங்கிகளுக்கு எதிரே பாய்ந்து அழிந்ததையும் எழுதினார். அதிகாரிகள் அவர்மீது சீறினர். ஜனங்களோ சர்க்கார்மீது சீறினர். 1855 ஆரம்பத்தில் அபர்டீன் பிரபுவின் மந்திரிசபை கவிழ்ந்ததில் அக்கடிதங்களுக்கும் பங்குண்டு.

நானா சாகிபின் காரியஸ்தரான அஜிமுல்லா கானையும் ரஸ்ஸல் அந்த யுத்தகாலத்தில் சந்தித்தார். நானாவின் உபகாரச் சம்பளத்துக்காக லண்டனில் வாதாடித் தோற்றுத் திரும்பும் வழியில், ஆங்கிலச் சேனையின் அவல நிலையை நேரில் காணவே அவர் அங்கு வந்திருந்தார். இரண்டே ஆண்டுகளில் வட இந்தியாவில் புரட்சித் தீ மூண்டது.

1858 ஜனவரியில் ரஸ்ஸல் கல்கத்தாவில் வந்திறங்கினார். மார்ச்சு மாதம் ஸர் காலின் காம்ப்பெல்லின் சேனையோடு லக்னோவுக்குள் நுழைந்து, கைசர்பாக் அரண்மனை சூறையாடப்பட்டதைக் கண்ணாரக் கண்டார். அப்பொழுது இங்கிலாந்து முழுவதும் பழிக்குப் பழி என்றே முழங்கிக் கொண்டிருந்தது. இந்தியர் புரிந்ததாகப் பரவிய கொடுமைக் கதைகளுக்கு ரஸ்ஸல் சாட்சியம் தேடினார். பலவற்றுக்கு ஆதாரமில்லையென்று கண்டார். விசாரணையின்றித் தூக்கிலிட்டதையும், சாகுமுன் மதத்தை மாசுபடுத்திய தண்டனைகளையும், வெள்ளையர் நம்மவரை இழித்து நடத்திய செருக்கையும் கண்டித்தார். கிரிமியாவில் அவர் பரிந்தது தம்மவருக்காக. இங்கே பரிந்தது தம்மவரால் வதைபட்டோருக்காக. இதுவே அவர் பெருமையின் உரைகல்.

1861-இல் அமெரிக்காவில் புல் ரன் போர்க்களத்திலிருந்து வட மாகாணச் சேனை சிதறி ஓடியதை எழுதி, அங்கும் பகை தேடிக் கொண்டார். மறு ஆண்டே ஊர் திரும்ப நேர்ந்தது. விழிதியூர் முதலிய நம் காரைக்கால் கிராமங்கள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1870-இல், அந்த பிரான்சை முறியடித்த பிரஷியச் சேனையோடு சென்றும் எழுதினார். 1895-இல் ஸர் பட்டம் பெற்றார், 1907-இல் காலமானார்.

அவரது குறையையும் மறைக்கலாகாது. ஆங்கில ஆட்சி நீதியாக நடக்கவேண்டுமென அவர் விரும்பினார்; அவ்வாட்சிக்கு இங்கு உரிமை ஏதென்று கேட்டாரில்லை. அக்கேள்வியைக் கேட்டு, விடையும் கண்டவர்கள் நம்மவர்களே. எனினும் மாற்றாரின் துயரை மறைக்காத அவருடைய பேனாவை நாம் மறக்கலாகாது. யுத்தம் மூளும்போது சேனையின் அறிக்கையை மட்டும் அச்சிடும் பத்திரிகை, வென்றவனுக்குத் தண்டோராவாகுமே யன்றி ஜனங்களுக்குக் கண்ணாகாது.