முதற் பராந்தக சோழன்

விசயாலயன் நிறுவிய பிற்காலச் சோழ அரசைத் தொண்டை நாட்டளவும் பரப்பியவன் ஆதித்த சோழன். அவன் மைந்தனாகிய முதற் பராந்தகன் 907ஆம் ஆண்டில் அரியணை ஏறினான். பாண்டியன் இராசசிம்மனையும் அவனுக்குத் துணைவந்த ஈழப் படையையும் வெள்ளூர்ப் போரில் வென்றான். மதுரை கொண்டவன் எனவும் பெயர் பெற்றான். தில்லையம்பலத்திற்குப் பொன் வேய்ந்தான். வீரநாராயணன் என்னும் இவன் சிறப்புப் பெயர் பூண்ட ஏரியே இன்று வீராணம் என வழங்குகின்றது.

எனினும், வாள்வலியினும் மேலாக இவன் புகழை நிலைநாட்டுவன காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் உள்ள இரு கல்வெட்டுகளாம். அவ்வூரை அந்தணர் சபை ஆண்டு வந்தது. அச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறை, அரசன் ஆணையுடன் வந்த அதிகாரி உடனிருக்க, 919ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. ஈராண்டுகள் கழித்து, 921ஆம் ஆண்டில், அம்முறை மீண்டும் ஆராய்ந்து திருத்தப்பெற்றது. முன்னர் முப்பது முதல் அறுபது வரை இருந்த வயது வரம்பு, முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாற்றப்பெற்றது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், மறைநூற் பயிற்சியும் உடையவர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பெற்றனர். மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர்க்கும் இடமில்லை. ஊரார் அனைவரும் காண, ஒன்றும் அறியாத சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதனை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று உரக்கப் படிப்பான். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வற்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் அமைந்தனர். ஆள்வலியும் பொருள்வலியும் குடத்தினுள் புக வழியில்லை.

இம்முறைக்குக் குறையும் உண்டு. பெண்டிரும், நிலமில்லாதாரும், பிற குலத்தாரும் இதில் இடம் பெறவில்லை. பலர் விருப்பத்தை எண்ணிப் பாராது, திருவுளச் சீட்டே முடிவு கூறியது. பதினெட்டு வயது நிறைந்த குடிமக்கள் அனைவர்க்கும் வாக்குரிமை உள்ள இந்நாளில், அக்குறை நமக்குத் தெளிவாகத் தோன்றும்.

பராந்தகனின் இறுதிக்காலம் துயர் மிக்கது. 949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனை எதிர்த்து நின்ற மூத்த மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே உயிர் துறந்தான். தொண்டை நாடும் கைவிட்டுப் போயிற்று. சில ஆண்டுகளில் பராந்தகனும் மறைந்தான். அவன் வென்ற நாடுகள் நிலைக்கவில்லை. பொதுப்பொருளைக் கையாள்வோர் கணக்குக் காட்டல் வேண்டும் என்பதையும், தேர்தல் முறையில் குறை தோன்றின் தயங்காது திருத்தல் வேண்டும் என்பதையும் உணர்த்தும் கல்லெழுத்துகளோ இன்றும் நிலைத்து நிற்கின்றன.