பல்லாவரத்தில் பிறந்த பெயர்

மின்சார ரயிலில் பல்லாவரத்தைக் கடக்கும்போதெல்லாம் மறைமலையடிகளை நினைத்துக்கொள்கிறேன். பல்லாவரம் இன்று தனி நகராட்சி அன்று. 2021-இல் பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவற்றோடு தாம்பரம் மாநகராட்சியில் இணைந்துவிட்டது. நகராட்சி என்ற தகுதி நீங்கியபின் ஓர் ஊருக்கு எஞ்சும் அடையாளம் எது?

1876-இல் நாகப்பட்டினத்தில் பிறந்தவர் வேதாசலம். பள்ளிக் கல்வி இடையில் நின்றபோதும் தமிழை ஆழ்ந்து கற்று, 1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1911-இல் அப்பணியிலிருந்து விலகி, குன்றுகளின் அடிவாரத்திலிருந்த பல்லாவரத்தில் குடியேறித் துறவு பூண்டார். அங்கே வாழ்ந்தபோதுதான், 1916-இல், தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். மாற்றத்தைத் தம்மிடமிருந்தே தொடங்கினார்: வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. அவர் நடத்திய ஞானசாகரம் இதழ் அறிவுக்கடலாயிற்று. அந்த முயற்சியில் மகள் நீலாம்பிகையும் உடன் நின்றார். 1950-இல் அடிகள் மறைந்தார்.

அவர் அரிதிற் சேர்த்த நூல்கள் பின்னர் சென்னையில் அவர் பெயரிலமைந்த நூலகத்தைச் சேர்ந்தன. அவர் பெயரையோ, அதே ரயில் பாதையில் தெற்கே உள்ள மறைமலை நகர் தாங்கி நிற்கிறது. பல்லாவரத்திடம் மிஞ்சியிருப்பது நினைவு மட்டுமே.

ஆனால் அது சிறிய உடைமை அன்று. ஸ்தல ஸ்தாபனம் என்று ஒருகாலத்தில் வழங்கியதை இன்று உள்ளாட்சி என்று இயல்பாகச் சொல்கிறோம். அந்த இயல்புக்கு வழிகோலியவர்களுள் முதன்மையானவர் வாழ்ந்த ஊர் இது. எல்லைகளை அரசாணை மாற்றலாம்; இந்த வரலாற்றைப் பல்லாவரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கடமை புதிய மாநகராட்சிக்கு உண்டு.