பம்மலாரின் சபையும் ஒரகடத்து நோட்டுப்புத்தகமும்

ஒரகடத்தில் ஒரே அறையில் ஆறு பேரோடு தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், தாம் எழுதிய நாடகத்தைச் சென்ற மாதம் என்னிடம் படிக்கத் தந்தார். இரவு ஷிஃப்டில் விரலை இழந்த ஓர் இளைஞனின் கதை அது. வசனங்களில் உயிர் இருந்தது, மேடையேற்றத்தான் வழியில்லை. திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பம்மல் சம்பந்த முதலியாரின் நினைவாகவே இருந்தது.

1873இல் பிறந்த அவர், இளமையில் தமிழ் நாடகத்தை ஏளனமாகவே நோக்கியவர். 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சாருலுவின் குழுவினர் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியபோது, கற்றவர்களும் வேடம் புனையலாம் என்பதை அவர் கண்டார். அவ்வாண்டு ஜூலையிலேயே நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வயது பதினெட்டுதான்.

பின்னர் வழக்கறிஞரானார், சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தார். இடையறாது எழுதித் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களைத் தந்தார். ஹாம்லெட் அவர் கையில் அமலாதித்யன் ஆனான். மனோகரா, சபாபதி இரண்டும் பிற்காலத்தில் திரைப்படங்களாயின. ஆனால் என்னை ஈர்ப்பது இந்த எண்ணிக்கையன்று. இன்னார் நடிப்பார் என்று மனத்தில் கொண்டு பாத்திரங்களைப் படைக்க அவருக்கு ஒரு குழு இருந்தது; ஒத்திகை பார்க்க இடமும், அடுத்த நாடகத்துக்குக் காத்திருக்கும் ரசிகர்களும் இருந்தனர். அவரது திறமை தனித்து வளரவில்லை.

குறையும் உண்டு. சபை பெரும்பாலும் வழக்கறிஞர்களுக்கும் அலுவலர்களுக்கும் உரியதாயிருந்தது. பெண் வேடங்களை ரங்கவடிவேலு போன்ற ஆண்களே ஏற்றனர். கூத்தாடி என்று இகழப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமிருந்ததாகச் சொல்ல முடியாது. அத்தகைய சிறுவர்களைத் திரட்டிப் பயிற்றுவித்தவர், 1918இல் மதுரையில் பாலர் நாடகக் குழு அமைத்த சங்கரதாஸ் சுவாமிகளே.

நியூயார்க்கிலும் நிலைமை வேறன்று. பெரிய அரங்குகளின் கதவுகள் கறுப்பின நாடகாசிரியர்களுக்கு எளிதில் திறக்காத காலத்தில், 1967இல் டக்ளஸ் டர்னர் வார்டும் நண்பர்களும் நீக்ரோ என்செம்பிள் கம்பெனியை நிறுவி, புதிய எழுத்துக்குப் பயிற்சியும் மேடையும் அளித்தனர். பம்மலார் அதற்கு மூன்றாண்டு முன்பே, 1964இல் மறைந்துவிட்டார். பத்மபூஷண் விருது மட்டும் 1959இல் அவரைத் தேடி வந்திருந்தது.

ஆயிரக்கணக்கானோர் மூன்று ஷிஃப்டுகளில் உழைக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் ஒத்திகைக்கென்று ஒரு கூடத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்குக் கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடம் கிடைத்திருக்கிறது. ஞாயிறன்று நாடகத்தை உரக்கப் படிக்கப் போகிறோம். எட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஷிஃப்டு மாறினால் ஐந்து பேர்.